மனநலக் குழுக்களில் அமரவேண்டியவர்கள் யார்?



2017-ஆம் ஆண்டு நம் பாராளுமன்றம் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மனநலச் சீராய்வு மன்றத்தில் யார் யார் அமர வேண்டும் என்று அதன் 74-ஆம் பிரிவு சொல்கிறது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் ஒருவர் தலைவர். மாவட்ட ஆட்சியரின் சார்பாளர் ஒருவர். மனநல மருத்துவர் ஒருவர், பிற மருத்துவர் ஒருவர். மீதி இரண்டு இடங்கள் மனநோயை அனுபவித்தவர்களுக்கு, அல்லது அவர்களைப் பராமரிக்கும் வீட்டாருக்கு, அல்லது அவர்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்பினருக்கு உரியவை. ஆறு நாற்காலிகளில் இரண்டு. மனநோய் கண்டவரின் சொல்லுக்கு மதிப்பே இல்லாதிருந்த நம் நாட்டில், நீதிபதியின் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பது சிறிய காரியம் அல்ல. குடிப்பழக்கத்தாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் இச்சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்வோம்.

ஆனால் அந்த மன்றம் கூடுவது மாவட்ட அளவில். ஒருவரை அவர் விருப்பமின்றி மருத்துவமனையில் வைத்திருப்பது சரியா, அங்கே அவருடைய உரிமை மீறப்பட்டதா என்பன போன்ற வழக்குகளே அதன் முன் வரும். சேலியமேட்டில் இருக்கும் ஒரு தாய், மகனுக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் "அடுத்த வாரம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டால், அதை அவர் நீதிபதியிடம் கொண்டுபோக மாட்டார். பேருந்து ஏறி வீட்டுக்குத்தான் வருவார். அவருடைய குரல் கேட்கப்பட வேண்டிய இடம் இன்னும் கீழே, கொம்யூன் அளவில் இருக்க வேண்டும். வில்லியனூருக்கும் பாகூருக்கும் தனித்தனியே ஒரு மனநல, மதுநோய் ஆலோசனைக் குழு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதில் யார் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது பயன்படுமா, பாழாய்ப் போகுமா என்பது தெரியும்.

நம் பகுதியின் நிலைமை என்ன? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2015-ஆம் ஆண்டில் தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு. லட்சம் பேருக்கு 43.2. அதே ஆண்டில் நாட்டின் சராசரி 10.6 மட்டுமே. 2022-இல் நம் விகிதம் 29.7 ஆகக் குறைந்திருந்தது. நாட்டின் சராசரியோ 12.4. குறைந்தது மகிழ்ச்சிதான், ஆனாலும் இரு மடங்குக்கு மேல். சிறிய நிலப்பரப்பில் பெரிய மருத்துவமனைகள் இருப்பதால் அக்கம்பக்கத்து மாவட்டத்தாரின் மரணங்களும் நம் கணக்கில் ஏறுகின்றன என்று சிலர் சொல்வதுண்டு. அது எவ்வளவு தூரம் உண்மையாய் இருந்தாலும், நாம் கல்லறைத் தோட்டத்துக்குச் சுமந்து சென்றவர்கள் நம் ஊர்க்காரர்கள்தானே?

இத்தனைக்கும் புதுச்சேரியில் மருத்துவர்களுக்குப் பஞ்சம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி 12.48 லட்சம் மக்களே உள்ள ஒரு பகுதியில் இத்தனை மருத்துவக் கல்லூரிகள் இருப்பது இந்தியாவில் வேறெங்கும் காண்பதற்கு அரிது. கோரிமேட்டில் ஜிப்மர். கடலூர் சாலையில் பாகூர் பக்கம் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும், வில்லியனூர் பக்கம் அரியூரிலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள். ராமநாதபுரத்தில் ஜிப்மரின் ஊரக நலவாழ்வு மையம். போதாக்குறைக்கு 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற டெலிமானஸ் தொலைபேசி எண்ணும் வந்துவிட்டது. ஆகவே கிராமத்து வீட்டுக்கும் மருத்துவர் மேசைக்கும் இடையே உள்ள வழியில்தான் எங்கேயோ அடைப்பு இருக்கிறது.

அந்த வழி எப்படிப்பட்டது என்பதை வீடு சந்திக்கச் செல்லும் எந்தப் பங்குத்தந்தையும் அறிவார். பாகூருக்கு உள்ளே இருக்கும் ஊர்களிலிருந்து கோரிமேட்டுக்குப் போக வேண்டுமானால் காலையில் கிளம்பி, நகரத்தில் இறங்கி, வேறு பேருந்து பிடிக்க வேண்டும். கூட ஒருவர் போக வேண்டும். இருவருக்கும் அன்றைய கூலி போயிற்று. முதல் மாதம் போவார்கள், இரண்டாம் மாதம் போவார்கள். மூன்றாம் மாதம் நடவு தொடங்கியிருக்கும். மகனும் நன்றாகத்தான் இருக்கிறான், இரவில் தூங்குகிறான். பிறகு எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து நோய் திரும்ப வரும்போது "மாத்திரை கேட்கவில்லை, செய்வினைதான்" என்று முடிவாகிவிடும். மருத்துவமனைப் பதிவேட்டில் இவர் 'சிகிச்சையைத் தொடராதவர்' என்ற ஒற்றை வரி. அந்த வரிக்குப் பின்னால் நடவு இருந்தது, பேருந்துக் கட்டணம் இருந்தது, "மாத்திரை சாப்பிட்டால் கல்யாணம் ஆகாது" என்று சொன்ன அத்தை இருந்தார் என்பது மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டில் சாராயக்கடை மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிறது. நம் பகுதியிலோ சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அரசு ஏலம் விட்டு நடத்தும் தொழில். அரசின் சாராய வடிசாலை வில்லியனூரை ஒட்டிய ஆரியபாளையத்தில்தான் இருக்கிறது. கலால் வருவாய் புதுச்சேரி அரசின் சொந்த வருமானத்தில் முக்கியமான தூண். ஒரே அரசின் ஒரு துறை விற்கிறது, இன்னொரு துறை குடித்துக் கெட்டவருக்கு மருந்து தருகிறது. இந்த முரண்பாட்டை ஓர் ஆலோசனைக் குழு தீர்த்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஏலம் விடும்போது, கடை எந்தத் தெருவில் வரப்போகிறது என்பதைப் பற்றி, குடியை விட்டு மீண்ட ஒருவரின் கருத்தும் கோப்பில் ஏற வேண்டும் அல்லவா? வேலைக்குப் போகும் வழியில் கடை இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது என்கிறது அது. மீதி 37 பேரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மனைவிமார்கள். 2023 மே மாதம் நம் எல்லைக்கு அப்பால் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர். அந்த நாள்களில் அரசியல்வாதிகளும் தொலைக்காட்சிகளும் வந்தார்கள். ஒவ்வொரு நாளும் மெதுவாகச் சாகிறவர்களுக்காக யாரும் வருவதில்லை.

'குழு' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் சிரிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் கீழ் நாடெங்கும் ஊர்தோறும் சுகாதாரக் குழுக்களும், மருத்துவமனைதோறும் நோயாளர் நலச் சங்கங்களும் உருவாயின. மக்களே மருத்துவச் சேவையைக் கண்காணிக்கும் முறையை முதலில் சோதித்துப் பார்த்த ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நல்ல எண்ணம்தான். ஆனால் பல இடங்களில் குழு என்பது ஒரு பதிவேடு, ஒரு தேநீர், பத்துக் கையெழுத்து என்ற அளவிலேயே நின்றுபோனது. சுவருக்கு வெள்ளையடிக்கவும் நாற்காலி வாங்கவும் பணம் செலவாகும். மருந்து இருந்ததா என்ற கேள்வி எழாது. கேட்க வேண்டியவர் அந்த அறையிலேயே இல்லையே!

நமக்கு இன்னொரு தனிச் சங்கடமும் உண்டு. மற்ற மாநிலங்களில் இத்தகைய குழுவுக்கு ஊராட்சித் தலைவரோ உறுப்பினரோ பொறுப்பேற்பார். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகளின் பொறுப்பில் வந்தன. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் வழக்குகளில் சிக்கி நடக்காமல் போயிற்று. மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத இடத்தில் 'மக்கள் பிரதிநிதி' என்று யாரை அழைப்பது? வழக்கமாக நடப்பது என்னவென்றால், கோவில் விழாக் குழுவில் இருப்பவர், அரிசி ஆலைக்காரர், கட்சிக்காரர், கூடவே மரியாதைக்காக ஒரு சாமியார் என்று பட்டியல் தயாராகிவிடும். இவர்களில் சிலர் சாராயக்கடை ஏலம் எடுத்தவர்களாகவும் இருப்பார்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும், மது வணிகத்தில் பங்குள்ளவர் மதுநோய்க் குழுவில் அமரக் கூடாது. இதை எழுத்தில் வைக்காவிட்டால் நடக்காது.

நன்றாய் நடந்த இடங்களும் உண்டு. சென்னையில் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோயாளர் அனைவரும் சென்னைக்கு வர இயலாது என்பதை உணர்ந்து, 1980-களின் இறுதியிலிருந்து மஞ்சக்குடி என்ற சோழநாட்டுக் கிராமத்தில் பதினைந்து நாள் முகாம்களை நடத்தியது. மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் சென்னையிலிருந்து வந்தார்கள். இடம், சாப்பாடு, யார் யாரை அழைப்பது, முகாம் முடிந்தபின் யார் வீட்டுக்குப் போய் விசாரிப்பது என்பதில் எல்லாம் ஊர்க்காரர்களுக்குப் பங்கு இருந்தது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 2008-இல் தோன்றிய மனநலச் செயல்பாட்டு அறக்கட்டளை இன்னும் ஒருபடி மேலே சென்றது. வலிநிவாரணப் பணிக்காக ஊர்தோறும் ஏற்கெனவே இருந்த தொண்டர் குழுக்களையே அது நாடியது. அங்கே மருத்துவ முகாமின் சொந்தக்காரர் உள்ளூர்க் குழு, மருத்துவர் விருந்தாளி. இந்தத் தலைகீழ் மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது.

நமக்கு இன்னும் பக்கத்தில், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் நடந்ததைப் பாகூர் விவசாயிகள் அவசியம் அறிய வேண்டும். தற்கொலைத் தடுப்புப் பணியில் ஈடுபட்டுள்ள சென்னை சிநேகா அமைப்பின் நிறுவனர், மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவருடன் உழைத்தவர்களும், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப்பொதுவில் ஒரு கட்டடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முறையைச் சில கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். சாவி விவசாயியிடமும் இருக்கும், பொறுப்பாளரிடமும் இருக்கும். கோபத்தில் ஒருவர் கை நீட்டும் தூரத்தில் மருந்து இருக்காது, அவ்வளவுதான். 2013-இல் வெளியான அவர்களின் ஆய்வு, இந்த ஏற்பாடு மக்களால் ஏற்கப்பட்டது, பலன் தரக்கூடியது என்று காட்டியது. இதற்கு மனநல மருத்துவர் தேவைப்படவில்லை. நடவு நேரத்தில் விடியற்காலை எத்தனை மணிக்குப் பெட்டி திறந்திருக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த விவசாயிதான் தேவைப்பட்டார். நெல்லும் கரும்பும் விளையும் பாகூரில் ஒரு குழு அமைந்தால் இதுவே அதன் முதல் வேலையாக இருக்கலாம்.

இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும். 1877 முதல் லூர்தன்னையின் திருவுருவம் இருக்கும் வில்லியனூர் திருத்தலத்துக்கு எல்லா மதத்தவரும் தங்கள் நோயாளிகளோடு வருகிறார்கள். எல்லாத் திருத்தலங்களும் அப்படித்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவை நாடி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 28 பேர். அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்கள் கொடியவர்கள் அல்ல, போக்கிடம் இல்லாதவர்கள். இன்று 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்று தடைசெய்கிறது. ஆயினும் மறுவாழ்வு மையம் என்ற பலகையோடு பதிவு பெறாமல் ஆள்களைப் பூட்டிவைக்கும் இடங்களைப் பற்றிய செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. நம் கொம்யூனில் அப்படி ஓர் இடம் முளைத்தால் முதலில் தெரிந்துகொள்பவர் ஆட்சியரா, பக்கத்து வீட்டுக்காரரா?

பெல்ஜிய நாட்டில் கேல் என்ற ஊர் இருக்கிறது. மனநோயாளரின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் திருத்தலம் அங்குள்ளது. இடைக்காலத்திலிருந்தே அங்கு வந்த நோயாளர்களுக்குக் கோவிலில் இடம் போதாமல் போனபோது, ஊர்மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தார்கள். அது அப்படியே வழக்கமாகி, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அரசின் மருத்துவக் கண்காணிப்பு வந்தது, இன்று எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் வழக்கம் அற்றுப்போகவில்லை. ஏர்வாடிக்கு வந்தவர்களும் கேலுக்கு வந்தவர்களும் ஒரே நம்பிக்கையோடுதான் வந்தார்கள். கேலில் ஊர் முழுவதும் அவர்களைப் பார்த்தது. ஏர்வாடிக் காப்பகத்துக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எனினும் ஊரே பார்க்கிறது என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. குழுவை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் அதைப் பேசுவதில்லை. நம் கிராமத்தில் எதுவும் மறைவாய் இருக்காது. ஒருவர் ஜிப்மரில் எந்த வரிசையில் நின்றார் என்பது அவர் வீடு திரும்புவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய பயம் என்று தெரியுமா? மனநலக் குழு என்ற பெயரில் பத்துப் பேர் உட்கார்ந்து, "அந்த வீட்டுப் பையன் மருந்து சாப்பிடுகிறானா?" என்று விசாரிக்கத் தொடங்கினால், அது பழைய ஊர்ப் பஞ்சாயத்தாகிவிடும். இருக்கிற கொஞ்ச நோயாளரும் ஓடிப்போவார்கள். சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் இரகசியத்தை உரிமையாக்குகிறது.

அதனால்தான் கிராமக் குழு வேண்டாம், கொம்யூன் குழு வேண்டும் என்கிறேன். பத்துப் பதினைந்து ஊர்களிலிருந்து ஒவ்வொருவராக வந்து அமரும்போது, ஒருவர் தெருவை இன்னொருவர் அறியமாட்டார். குழுவின் முன் பெயர்கள் வரக் கூடாது. எண்ணிக்கை வரலாம்: இந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மூன்றாம் மாதம் நின்றுபோனார்கள், எந்த மாத்திரை எத்தனை நாள் இல்லை. பெயரைக் கேட்கிற உறுப்பினரை அந்தக் கூட்டத்திலேயே வெளியே அனுப்பலாம்.

இருக்கைகளைப் பொறுத்தவரை அமெரிக்காவின் ஒரு விதி நமக்கு உதவும். அங்கே மாநில மனநலத் திட்டக் குழுக்களின் உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் அரசு ஊழியராகவோ மனநலச் சேவை அளிப்பவராகவோ இருக்கக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. இங்கேயும் பாதி இடங்கள் நோயை அனுபவித்தவர்களுக்கும் வீட்டாருக்கும் என்று இருக்கட்டும். அந்தப் பாதியில் பெரும்பாலோர் பெண்களாய் இருப்பது நியாயம், சுமப்பவர்கள் அவர்களே. குடியை விட்டவர்களில் ஏ.ஏ. குழுவினர் பலர். 1935-இல் அமெரிக்காவில் பிறந்த அந்த இயக்கத்தில் பெயரை வெளியிடாமை அடிப்படை மரபு. வெளி விவகாரங்களில் இயக்கமாகக் கருத்துச் சொல்வதும் இல்லை. ஆகவே 'ஏ.ஏ. பிரதிநிதி' என்று யாரையும் கேட்டு வாங்க முடியாது, கேட்கவும் கூடாது. மீண்டவர் ஒருவர் தாமாக, தம் பெயரில் வந்தால் வரவேற்போம். வராதவர்களின் கருத்தை வேறொருவர் வழியே கேட்டு எழுதிக்கொள்வோம்.

பங்குத்தந்தையர் தலைவராக வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். சாமியார் தலைமையில் உட்கார்ந்தால் மக்கள் சாமியாருக்குப் பிடித்ததைப் பேசுவார்கள், மருத்துவரும் மரியாதைக்காகத் தலையாட்டுவார். குடிப்பதைப் பாவமாக மட்டும் பார்த்துப் பழகிய நாக்கு நம்முடையது. அதை நோயாகப் பேசிப் பழக நமக்கு இன்னும் நாள் பிடிக்கும். பங்கு மண்டபத்தைக் கொடுப்போம், வின்சென்ட் தே பவுல் சபையினர் பேருந்துக் கட்டணத்துக்கு உதவட்டும், அன்பியக் கூட்டங்களில் 14416 என்ற எண்ணைச் சொல்லி வைப்போம். நாற்காலியை மட்டும் விட்டுக்கொடுப்போம்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சமுதாய நலவழி மையங்களின் நோயாளர் நலச் சங்கத்துக்குள் ஒரு துணைக்குழுவாகவே நலவழித்துறை இதைத் தொடங்க முடியும். குறைகளைச் சொல்லும் உரிமையை 28-ஆம் பிரிவு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது: முதலில் மையத்தின் பொறுப்பு அலுவலரிடம், பிறகு சீராய்வு மன்றத்திடம், அதன்பின் மாநில ஆணையத்திடம். குழு எழுதும் குறிப்புக்கு முப்பது நாளில் எழுத்தில் பதில் வேண்டும் என்ற ஒரு விதி மட்டும் சேர்ந்தால், பதிவேட்டுக்கும் தேநீருக்கும் மேலே அது ஏதாவது செய்யும்.

கடைசியாக ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. கூட்டத்துக்கு வரும் மருத்துவருக்கும் அதிகாரிக்கும் அது வேலைநாள், சம்பளம் உண்டு. குருவிநத்தத்திலிருந்து நடவு வேலையை விட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு அன்றைய கூலி இல்லை, போகவர பேருந்துக் கட்டணமும் அவர் கையிலிருந்து. இரண்டு கூட்டம் வருவார், மூன்றாவதற்கு வரமாட்டார். அவர் மகன் மாத்திரையை நிறுத்திய அதே காரணத்துக்காக. அந்தக் கூலியையும் கட்டணத்தையும் எந்தத் தலைப்பில் கொடுப்பது என்பதை அரசாணை எழுதும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.